சங்கராந்தி மஞ்சள் உடுத்திய வருஷம்

1

திங்கட்கிழமை என் பேத்தியின் மழலைப் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. வெள்ளிக்கிழமை 'எல்லோ டே'. பிள்ளைகள் எல்லாரும் மஞ்சள் உடுத்தி வரவேண்டும். டப்பாவில் கொண்டுவரும் சாப்பாடும் மஞ்சளாக இருக்கவேண்டும். தலையில் மாட்டும் கிளிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. போன மாதம் இதேபோல் சிவப்புக்கு ஒரு நாள் வந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் காலுக்குச் சிவப்புக் காலுறை தேடி, என் மாப்பிள்ளை மந்தார் ஔந்தில் நான்கு கடை ஏறி இறங்கினார். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். அன்று அரை நாள் லீவு.

அந்தச் சீட்டைப் பற்றி என் மகள் கோமதிதான் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டாள்.

"அப்பா, அந்த மஞ்சப் பாவாடை நம்ம வீட்லதான இருக்கு?"

"எந்த மஞ்சப் பாவாடை?"

எது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் நான் தெரிந்துதான் கேட்கிறேன் என்று தெரியும்.

"அதாம்ப்பா. ரேவாவுக்கு நீங்க எடுத்தது. பட்டு."

"அது உடுத்தக் கூடாத கலருல்லா? உங்க மாமியாட்ட கேட்டியா, இந்த வருஷம் மஞ்சள் ஆகுமா ஆகாதான்னு?"

"அரே அப்பா, பஸ் கரோ, போதும். வெள்ளிக்கிழமைக்கு வேணும், அவ்ளோதான்."

தெய்வத்தின் பெயரைச் சொல்லி வேண்டாம் என்று ஒதுக்கிய பாவாடை. இப்போது ஒரு டீச்சரம்மாள் அச்சடித்துக் கொடுத்த சீட்டுக்கு வேண்டியிருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு என் எரிச்சல் விளங்கவேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

2

நான் திருநெல்வேலியை விட்டுப் பூனாவுக்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட் இல்லாமல் வரலாம் என்பதால் ஊரில் யாரும் இதை அயல்நாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. வந்து இருந்து பார்க்கவேண்டும். ரேஷன் கார்டில் என் அப்பா பெயரை எனக்குக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். அதுவே என் மனைவிக்கும் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த நகரத்துக் காகிதங்களில் நாங்கள் மூவரும் பிச்சையாக்கள். திருத்தச் சொல்லி மூன்று முறை மனுக் கொடுத்தேன். மூன்றாவது முறை அந்தக் குமாஸ்தா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிச்சையா நல்ல பெயர்தானே சாஹேப், எதற்கு மாற்றுகிறீர்கள்?" என்றார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது இந்த ஊரின் உடுப்பு நாள்காட்டி.

சிஞ்ச்வட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். தட்டில் வரும் உதிரிப்பாகங்களை எண்ணி, கோணலானதைத் தனியே எடுத்துவைப்பது தொழில். ஓய்வு பெற்றபின் எண்ண உதிரிப்பாகம் இல்லை. அதனால் மனிதர்கள் உடுத்துவதை எண்ணுகிறேன். கோணல் அதில்தான் அதிகம்.

தொண்ணூறுகளில் கோமதி கல்லூரியில் சேர்ந்தபோது இது ஆரம்பித்தது. குளிர்காலம் வந்தால் பாடம் நின்றுவிடும், 'டே'க்கள் வந்துவிடும். ஒரு நாள் பையன்கள் டை கட்டவேண்டும். ஒரு நாள் பெண்கள் சேலை கட்டவேண்டும். ஒரு நாள் பொருந்தாமல் உடுத்தவேண்டும். அன்று காலை என் மகள் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவுமாக, தலையில் ஒரு பக்கம் மட்டும் பின்னல் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். எனக்குப் பகீரென்றது. பிள்ளைக்குப் பரீட்சை பயத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னிக்கு மிஸ்மேட்ச் டேப்பா. விடுங்க, பஸ் போயிரும்."

"கட்டின பீஸுக்கு இதுவா படிப்பு?"

"இதுக்கு பீஸ் வாங்கல. இது ஃப்ரீ."

என் மனைவி வடிவு அடுக்களையில் சிரித்தாள்.

இவற்றுக்கெல்லாம் மேலே 'டிரெடிஷனல் டே' என்று ஒன்று. பாரம்பரிய உடுப்பாம். வடிவின் கூறைச்சேலையை எடுத்துக்கொடுத்தேன். கோமதி அதைத் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்குப்பா" என்று மடித்து வைத்துவிட்டு, சிநேகிதி வீட்டுக்குப் போய் மராட்டிப் பெண்கள் மாதிரி கால்நடுவே கொசுவம் வைத்த ஒன்பது கெஜமும், உதட்டை மறைக்கும் முத்து மூக்குத்தியுமாகப் போய் நின்றாள். பரிசும் வாங்கினாள். அசல் மராட்டிப் பெண் போலிருக்கிறாள் என்று பரிசு. அதே மேடையில் காவி நிறத் தலைப்பாகை கட்டி நின்ற பையன்தான் மந்தார். ஆறு வருஷம் கழித்துக் கல்யாணம். என் சம்பந்தம் ஒரு மாறுவேடப் போட்டியில் நிச்சயமானது என்று நான் சொன்னால் வீட்டில் எல்லாருக்கும் கோபம் வருகிறது. எதில் தவறு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

3

கல்லூரி முடிந்தால் விட்டது என்று நினைத்தேன். சில வருஷங்களாக நவராத்திரிக்கும் வந்துவிட்டது. ஒன்பது நாளுக்கு ஒன்பது நிறம். பத்திரிகையில் போடுகிறார்கள். அன்று வங்கிக்குப் போனால் கவுண்டர் முழுக்க ஊதா. லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டி முழுக்கப் பச்சை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் மாதர் சங்கம் பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்டியது. என் வீட்டிலும் நுழைந்தது.

"ஏங்க, எங்கிட்ட சாம்பக் கலர்ல ஒரு சேலை இல்ல" என்றாள் வடிவு.

"சாம்பலா? அம்பாளுக்குச் சாம்பலா?"

"நாளைக்கு அதான் போட்டிருக்கு."

"போட்டது யாரு? ஆகமத்துல இருக்கா?"

"நீங்க முப்பது வருஷம் பாக்டரில நீலச் சட்டை போட்டீகளே, அது எந்த ஆகமத்துல இருந்து? அத்தன பேரும் சாம்பக் கலர்ல நிக்கையில நான் மட்டும் மாம்பழக் கலர்ல போய் நின்னா, உங்க தட்டுல கெடந்த கோணப் பீஸு மாதிரில்லா இருக்கும்."

அவளோடு பேசி ஜெயித்த நாளை எண்ண ஒரு கை விரல் அதிகம். சாம்பல் சேலை எடுத்தோம்.

4

இப்போது அந்தப் பொங்கலுக்கு வருகிறேன்.

ரேவா பிறந்து ஆறு மாதம். அவளுக்கு முதல் பொங்கல். அதற்கு முன்பே ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனபோது, டவுனில் ரத வீதியில் பாவாடை எடுத்தேன். நல்ல மஞ்சள், மாம்பழம் இல்லை, எலுமிச்சையும் இல்லை, பசுமஞ்சளை உடைத்தால் உள்ளே தெரியுமே அது. அரக்குக் கரை. கடைக்காரர் பிரித்துக் காட்டும்போதே சொன்னார்.

"அண்ணாச்சி, ஆறு மாசப் பிள்ளைன்னு சொன்னீக. இது மூணு வயசுக்குல்லா காணும்."

"பிள்ள வளரும்லா?"

நம் ஆட்களுக்கு இதுவொரு புத்தி. பட்டு வாங்கினால் வளர்த்தியாகத்தான் வாங்குவோம். உள்ளே நான்கு மடிப்பு மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிக்கலாம் என்று என் எண்ணம். வடிவு அப்படியே தைத்தும் வைத்தாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு கோமதி குழந்தையோடு வந்தாள். கையில் ஒரு பை. அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மெத்தையில் விரித்தாள். கறுப்பு. கரி போலக் கறுப்பு. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரை மணிகளில் கோத்த மாலை, வளையல், நெற்றிச்சுட்டி.

"போர் நஹாண்னு சொல்வாங்கப்பா. பிள்ளையோட முதல் சங்கராந்திக்கு இதைப் போட்டு உக்கார வச்சு, தலையில இலந்தப்பழம், பொரி, கரும்புத் துண்டு எல்லாம் கொட்டுவாங்க. சுத்தி இருக்கிற குட்டிப் பிள்ளைகள்லாம் பொறுக்கும். சாயங்காலம் எங்க வீட்ல. நீங்க ரெண்டு பேரும் வரணும்."

"இந்தச் சட்டையிலயா?"

"சங்கராந்திக்கு இங்க எல்லாரும் கறுப்புதானப்பா. குளிர்காலம், கறுப்பு சூடு பிடிக்கும்னு அத்தை சொல்லுவாங்க."

முப்பது வருஷமாகத் தெருவில் பார்க்கிறேன். நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்புச் சேலையில் பெண்கள் எள்ளுருண்டையை நீட்டி, இனிப்பு வாங்கிக்கொள், இனிப்பாகப் பேசு என்பார்கள். கறுப்புத் துணியும் எள்ளும் ஒன்றாக வருகிற நாள் எங்கள் ஊரில் வேறு. சனீஸ்வரனுக்குக் கொடுப்போம், இல்லையென்றால் செத்தவர்களுக்குக் கொடுப்போம். தெருவில் போகிறவர்கள் என்னவோ செய்துகொள்ளட்டும் என்று இருந்தேன். இது தெரு இல்லை. என் பேத்தி.

"காலையில பொங்கப் பானை வைக்கையில மஞ்சப் பாவாடை கட்டிக் கூட்டிட்டு வா. சாயங்காலம் உங்க வீட்ல என்ன வேணும்னாலும் போடுங்க."

கோமதி குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அது முடியாதுப்பா. ஒவ்வொரு வருஷமும் சங்கராந்தி தேவி ஒரு கலர் உடுத்திக்கிட்டு வருவாளாம். அந்தக் கலரை அன்னிக்கு யாரும் உடுத்தக் கூடாது. இந்த வருஷம் அவ மஞ்சள் உடுத்தி வாரா. பஞ்சாங்கத்துல இருக்கு. அத்தை குங்குமத்தோட இருக்கிற மஞ்சளைத் தவிர எல்லா மஞ்சளையும் எடுத்து உள்ள வச்சிட்டாங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மஞ்சள் அமங்கலம், கறுப்பு மங்கலம். இதைவிடத் தலைகீழாக ஒரு நாளை யாரும் உடுத்த முடியாது.

"பச்சப் பிள்ளைக்குக் கறுப்பு உடுத்துத புத்தி எவனுக்கு வந்தது?"

"பிள்ளைக்குக் கறுப்புப் பொட்டு வச்சது யாரு? அம்மா. கருவளை போட்டது யாரு? நீங்க ரெண்டு பேரும். அதுவும் கறுப்புதானே?"

"அது ஒரு பொட்டு. கண்ணு படாம இருக்க."

"அப்ப இது பெரிய பொட்டுன்னு வச்சுக்கோங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. "அப்பா, மகரஜோதிக்கு மாலை போட்டவங்க என்ன கட்டுதாங்க? நீங்களே அஞ்சு வருஷம் கறுப்பு வேட்டி கட்டிட்டுப் போயிருக்கீங்க. அதே நாளு. அதே சங்கராந்தி."

"அது விரதம்."

"இதுவும் அவங்களுக்கு அப்படித்தான்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். "என் வீட்டுப் பொங்கப் பானை முன்னால கறுப்பு உடுத்தி யாரும் வரக் கூடாது. அது யார் பிள்ளையா இருந்தாலும் சரி."

கோமதி சர்க்கரை நகைகளை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். ஒரு மணிகூட உடையாமல் நிதானமாக வைத்தாள். "அப்ப நாங்க வரலப்பா. அவங்க கேட்டா என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிக் கொடுத்திருங்க" என்று எழுந்தாள்.

வாசல் வரை போனவளிடம் வடிவு ஏதோ பேசினாள். திரும்பி வந்து என்னிடம், "ஒரே பிள்ளையப் பெத்தது ஒரு கலருக்குத் தொலைக்கவா?" என்றாள். மூன்று நாள் என்னோடு சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிர வேறு பேச்சில்லை.

5

எங்கள் சொசைட்டியில் பால்கனியில் செங்கல் வைத்து விறகு எரிக்க அனுமதி இல்லை. வருஷா வருஷம் செயலாளருக்கு விண்ணப்பம் எழுதி, வருஷா வருஷம் அவர் 'இந்த முறை மட்டும்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்த வருஷமும் கொடுத்தார். பானை வைத்தோம். பால் பொங்கி வழிந்தது. வடிவு குலவை போடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் குலவை போடாத பொங்கல் அது ஒன்றுதான். கீழ் வீட்டு மராட்டி அம்மாள் மாடிப்படியில் வந்து நின்று, "இன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மதியம் சாப்பிட்டதும் வடிவு டிபன் கேரியரில் பொங்கலை நிரப்பினாள். உள்ளே போய் உடுத்தி வந்தாள். கறுப்பு அவளிடம் இல்லை. நாவல்பழக் கலர் கட்டியிருந்தாள்.

"வெளிச்சத்துல பாத்தா கறுப்பு இல்லன்னு தெரியும். சாயங்காலம்தான, தெரியாது" என்றாள். "நீங்க வர வேண்டாம். நான் ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போய்க்கிடுதேன்."

கேரியர் நான்கு அடுக்கு. கனம். தூக்க ஆள் வேண்டுமே என்று போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மஞ்சள் பாவாடையை ஒரு காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. என் பக்கத்துக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

ஔந்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் எண்ணினேன். பெரியவர்கள், சிறியவர்கள், சட்டை, சேலை, மந்தாரின் குர்த்தா, எல்லாம் சேர்த்துக் கறுப்பு முப்பத்தொன்று. வெள்ளை நான் ஒருவன். மஞ்சள் இல்லை. நடுவில் மணையில் ரேவா. சர்க்கரை நெற்றிச்சுட்டியை இழுத்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கறுப்பில் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. நன்றாக இருந்தது.

சம்பந்தியம்மாள் சுனந்தாதாயி என்னைப் பார்த்ததும் ஹிந்தியில், "அண்ணா, வந்துவிட்டீர்களா? குழந்தை தாத்தா மடியில்தான் உட்காரவேண்டும், காத்திருக்கிறோம்" என்றார். கோமதி என் பக்கம் திரும்பவில்லை. குழந்தையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

தலையில் கொட்டினார்கள். இலந்தைப்பழம் என் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. பொரி சட்டைக்குள் போனது. சின்னப் பிள்ளைகள் என் காலுக்கடியில் நுழைந்து பொறுக்கினார்கள். ரேவா மிரண்டு, அழலாமா சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். எல்லாம் ஓய்ந்ததும் அவள் சட்டை மடிப்பில் சிக்கிய பொரியைத் தட்ட, கீழ்விளிம்பைத் திருப்பினேன்.

உள்பக்கம், தையலை ஒட்டி, பெருவிரல் அகலத்துக்கு மஞ்சள். மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவியது. காய்ந்து பொருக்காக இருந்தது.

நம் வீட்டில் புதுத்துணி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் உடுத்தமாட்டோம். மஞ்சளே ஆகாது என்று எடுத்து ஒளித்து வைத்த வீட்டில், அந்த வருஷத்தில், அந்த நாளில், என் மகள் அடுக்களையில் யாரும் பார்க்காமல் தடவியிருக்கிறாள். வெளிப்பக்கம் தடவ தைரியம் வரவில்லை. தடவாமல் விடவும் மனசு வரவில்லை.

நிமிர்ந்தேன். எதிரே சுனந்தாதாயி குனிந்து, நான் திருப்பிப் பிடித்திருந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டென்று விளிம்பை விட்டேன்.

"அண்ணா, கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது" என்றார்.

கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது.

எள்ளுருண்டையை என் உள்ளங்கையில் வைத்து, இனிப்பாகப் பேசுங்கள் என்றார். அந்த நாளில் எனக்கு அது பெரிய தண்டனை. வாயில் போட்டு மென்றுகொண்டே கோமதியைக் கூப்பிட்டேன்.

"ஏளா, கெளம்பு. பிள்ளையத் தூக்கு. வீட்டுக்குப் போய்ட்டு வருவோம்."

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு. பொங்கலு ஆறிட்டிருக்கு."

"சட்டை மாத்தணுமா?"

"பானை எறக்கியாச்சு. பானை அடுப்புல இருந்தாத்தான் கறுப்பு ஆகாது. எறக்கின பெறவு தோஷம் இல்ல."

வடிவு கேரியர் மூடியைத் திறந்துகொண்டிருந்தவள் கேட்டாள். "இது எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

"எம் பஞ்சாங்கத்துல."

மந்தார் காரை எடுத்தார். சிஞ்ச்வட்டில் எங்கள் மாடிப்படியில் கறுப்புச் சட்டையும் சர்க்கரை நகையுமாகப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறியதை அத்தனை வீட்டுக் கதவும் பார்த்தது. கழுவிக் கவிழ்த்திருந்த பானைக்கு முன்னால் அவளை உட்காரவைத்தேன். வடிவு அப்போதுதான் குலவை போட்டாள். ரேவா மிரண்டு வீறிட்டு அழுதாள்.

மஞ்சள் பாவாடை கைப்பையை விட்டு வெளியே வரவே இல்லை. பிறகு பீரோவுக்குப் போனது. அடுத்தடுத்த வருஷங்களில் ஏன் உடுத்தவில்லை என்று கேட்டால், பட்டு குத்தும் என்றாள் கோமதி, பிள்ளை பாவாடையில் தடுக்கி விழுவாள் என்றாள். பைஜாமாவும் டி-ஷர்ட்டும் தடுக்காதாம்.

6

வியாழக்கிழமை சாயங்காலம் பாவாடையோடு ஔந்துக்குப் போனேன். நான்கு மடிப்பையும் வடிவு ஒரேயடியாகப் பிரித்துவிட்டாள். கடைக்காரர் சொன்னது சரி. மூன்று வயதுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

இரவு அங்கேயே தங்கி, வெள்ளிக்கிழமை காலை கோமதியோடு நானும் பள்ளிக்கூடம் வரை போனேன். வாசலில் எண்ணினேன். இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்திரண்டு பேர் பாலியஸ்டர். அதில் ஒரு பையன் வாழைப்பழ வேஷம். ரேவாவைப் பார்த்ததும் டீச்சரம்மாள், "ஓ, சவுத் இந்தியன்!" என்று கை தட்டிவிட்டு, காகிதத்தில் வெட்டிய சூரியகாந்தி ஒன்றைப் பட்டுச் சட்டையில் ஊக்கால் குத்தினார். பட்டில் ஊக்கு. நான் வாயைத் திறக்கப் போனேன். கோமதி என் கையைப் பிடித்தாள்.

"பிவளா பிவளா" என்று சுற்றிச் சுற்றி வந்தாள் ரேவா. மராட்டியில் மஞ்சள். மஞ்சள் என்ற சொல்லை அவளுக்கு நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தேன். நிற்கவில்லை.

அவள் உள்ளே ஓடியதும் கோமதி காரின் கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"அப்பா, காலையில சுவாமி ரூம்ல பாவாடையோட என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"புதுத்துணில்லா. மஞ்சள் தடவுனேன்."

"மஞ்சப் பட்டுல மஞ்சள் தடவுனா யாருக்குத் தெரியும்?"

"உள்பக்கந்தான் தடவுனேன்."

கார்க் கதவைப் பிடித்தபடி அவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சங்கராந்திக்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. சிக்னலில் நிற்கும்போது அவளே கைப்பையைத் திறந்து இன்னொரு சீட்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

அடுத்த மாதம் பச்சையாம்.